உண்ணியா, இறாலா

ஞாயிறு மதிய வெயில் ஆம்பூர் வீட்டின் கடல்மீன் தொட்டிக்குள் சாய்வாக இறங்கியிருக்கிறது. நான்கு நாளாக இரை எடுக்காத ஆரஞ்சு மீன் ஒரு மூலையில் அசையாமல் நிற்கிறது. கண்ணாடியில் எள்ளளவு பூச்சிகள் ஊர்கின்றன. ஷூ கம்பெனியில் தோலில் பழுது உண்டா என்று பார்த்துப் பிரிக்கும் ஜெர்சன், உண்ணி கடித்த தோல்களை எத்தனையோ கழித்துப் போட்டவன். இவையும் அவனுக்கு உண்ணிகளாகவே தெரிகின்றன. அவற்றைக் கொல்ல மருந்துப் புட்டியின் மூடியைத் திருகுகிறான். “இருங்க, ஒண்ண எடுத்துப் பாத்துட்டு ஊத்தலாம்” என்கிறாள் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்யும் மனைவி ஃபீபி. சொட்டுக்குழாயால் ஒன்றை உறிஞ்சி வெள்ளைச் சாஸரில் விடுகிறாள். அவன் தோல் பார்க்கும் லென்ஸைப் பிடித்துக் குனிகிறான். “மீன் மேல ஒட்டுற உண்ணின்னா தட்டையா இருக்கும். இது பக்கவாட்டுல ஒடுங்கி, எறா மாதிரி வளைஞ்சிருக்கு பாருங்க” என்கிறாள் ஃபீபி. “வயித்துல இன்னா அது, மஞ்சளா?” “முட்டைங்க. பாசி தின்னு பொழைக்கிறது. மீனை ஒண்ணும் பண்ணாது.” லென்ஸுக்குள் மெல்லிய கால்கள் ஓயாமல் விசிறுகின்றன. ஜெர்சன் மூச்சை அடக்கி முட்டைகளை எண்ணுகிறான். பதினொன்று. சாஸரைத் தானே எடுத்துத் தொட்டியில் மெல்லச் சாய்க்கிறான். அந்தப் பூச்சி இரண்டு விரற்கடை நீந்துவதற்குள் மீன் பாய்ந்து வந்து விழுங்கிவிடுகிறது. “அப்பாடா, சாப்பிட்டுச்சு!” ஃபீபி கை தட்டுகிறாள். “ஆமா” என்கிறான் ஜெர்சன். காலிச் சாஸரைக் கீழே வைக்க மறந்து அங்கேயே நிற்கிறான்.