பிபி நார்மல்

உப்பளத்தில் உப்பு வாரும் அறுபத்தெட்டு வயது அப்பா சடையப்பனை, நாற்பது வயது புருஷோத்தமன்தான் மரக்காணம் மருத்துவ முகாமுக்குப் பிடிவாதமாக இழுத்து வந்தான். அப்பாவுக்குத் துணையாகத் தானும் படுத்து, ரத்தக்குழாய்ச் சோதனைக்காகக் கைகால்களில் பட்டை கட்டிக்கொண்டான். இருவருக்கும் பிபி நார்மல்.

“பிபி சரிதான். ஆனா ரத்தக்குழாய் விறைச்சுக் கெடக்குதே!” என்று ஒரு ரிப்போர்ட்டை எடுத்தார் டாக்டர். “எழுபத்தஞ்சு வயசுக் குழாய். சுகரும் கொழுப்பும் செஞ்ச வேலை.”

புருஷோத்தமனுக்குச் சுருக்கென்றது. அப்பாவிடம் பாய்ந்தான்.

“கேட்டியாப்பா? வெயில்ல அலையாத, என்னை மாதிரி வீட்ல உக்காருன்னு எத்தினி வாட்டி சொன்னேன்!”

“ஏங்க, இது உங்க ரிப்போர்ட். அப்பாவுக்கு ஐம்பது வயசுக் குழாய்தான்.”

திரும்பும் பஸ்ஸில் ஒரே ஒரு சீட்டுதான் காலி. சடையப்பன் அதைத் துண்டால் தட்டிவிட்டு, பணிவாக ஒதுங்கி நின்றார்.

“உக்காருங்க பெரியவரே!”