கூடத்தின் வெறும் சத்தம்

நரகத்தைக் காட்டிப் பயமுறுத்திப் பிள்ளைகளுக்குப் பக்தி வளர்க்கும் முகாமைப் பற்றிய ஆவணப்படம் அது. படப்பிடிப்பு முடிந்து, முகாமை நடத்தும் குரு சாப்பிடப் போய்விட்டார். ஒலிப்பதிவு செய்யும் சுடர்க்கொடிக்கு மட்டும் ஒரு வேலை பாக்கி. படத்தொகுப்பில் இடைவெளிகளை நிரப்ப, பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் கூடத்தின் பேச்சில்லாத வெறும் சத்தத்தையும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். எந்தச் சாமியையும் கும்பிடாதவள் அவள்.

“ஒரு நிமிஷம் யாரும் பேசாம இருங்க, கண்ணுங்களா.”

அவள் கேட்டது மௌனம் மட்டும்தான். பிள்ளைகள் மண்டியிட்டுக் கண்களையும் மூடிக்கொண்டார்கள். ஹெட்போனில் மின்விசிறியின் முனகலும் யாரோ மூக்கை உறிஞ்சுவதும் கேட்டன.

“முடிஞ்சுது, எந்திரிங்க.”

ஒருவரும் அசையவில்லை. முன்வரிசைச் சிறுமி கண்ணைத் திறக்காமலேயே கேட்டாள்: “எங்கள மன்னிச்சாச்சா, அக்கா?”

சுடர்க்கொடி வாசலைப் பார்த்தாள். குரு இன்னும் வரவில்லை.

“மன்னிச்சாச்சும்மா” என்று தன் குரலே ஹெட்போனில் அவளுக்குக் கேட்டது.

அத்தனை பிள்ளைகளும் கண்ணைத் திறந்து, அவளைப் பார்த்துக் கைகூப்பினார்கள்.