விலகாத மூடுபனி

“ஆட்டத்தை நிறுத்துங்க! இந்த மிஸ்டுல எப்படிங்க பொண்ணுங்க ஆடுவாங்க?” கருணாகரன் கத்தினார்.

ஊட்டியில் கல்லூரிகளுக்கிடையே கூடைப்பந்து இறுதிப் போட்டி. கருணாகரன் தன் கல்லூரியின் முதல் அணியில் ஆடியவர், இப்போது அங்கேயே பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர். இன்று தோற்றால் அணியையே கலைத்துவிடுவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது.

ஒரு வாரமாகவே பனி விலகவில்லை. இப்போது வளையம்கூடத் தெரியவில்லை. பந்து தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

“இந்து, பந்து யார்கிட்டம்மா?”

“என்கிட்டத்தானுங்க சார்!” ஓடிக்கொண்டே சொன்னாள் அணித்தலைவி இந்து.

“வளையம் தெரியுதா?”

“எனக்கும் தெரியலீங்க சார். குத்துமதிப்பாப் போடறனுங்க.”

“அய்யோ, நிறுத்தச் சொல்லும்மா!”

நடுவர் விசிலடித்துக்கொண்டு ஓடிவந்தார். “ஏனுங்க சார், மிஸ்டா? எங்கீங்க...”

இந்து பாய்ந்து வந்து நடுவரின் கையைப் பிடித்தாள். வேண்டாமென்று தலையசைத்தாள். பின்னால் அவள் அணி முழுவதும் கைகூப்பி நின்றது.

நடுவர் கருணாகரனின் கண்களுக்கு முன்னால் மெல்லக் கையை ஆட்டிப் பார்த்தார். இமைகூட அசையவில்லை.

“ஆமாங்க சார், பயங்கர மிஸ்டுங்க. கொஞ்சம் விலகட்டும், அப்புறம் ஆடலாமுங்க” என்றவர், உச்சி வெயிலுக்குத் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டார்.