வீட்டுக்கே வந்த வகுப்பு

போபோடிப் பகுதியிலுள்ள வீட்டின் ஒரே ஜன்னலைப் பாதி மறைத்துக்கொண்டு நிற்கிறது புதிய கம்ப்யூட்டர் மேசை. வேறெங்கும் அதற்கு இடமில்லை. தெர்மாகோல் துண்டுகள் கட்டிலெங்கும் இறைந்து கிடக்க, நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா ஃபாக்டரிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஒயர்களைச் செருகிக்கொண்டிருக்கிறார். "காலேஜ்ல உக்காந்து எம்.பி.ஏ. படிக்கணும்னுதானேப்பா கேட்டேன்?" என்கிறாள் பானு. "பஸ்ஸுல இடிபட்டுப் போகணுமா கண்ணு? ஆன்லைன்லயே க்ளாஸ் வருதாம். வீட்டுலயே ஆராமா படி. டிகிரி அதே டிகிரிதான்" என்கிறார் அப்பா. "அடுப்பு வேலைக்கு நடுவுலயும் படிச்சுக்கலாம்" என்று சேர்ந்துகொள்கிறாள் அம்மா. இவ்வளவு சந்தோஷத்துக்கு எதிரில் எப்படி முகம் சுளிப்பது? வெளியே தெருமுனையில் பஸ் வந்து நிற்கிறது. பைகளை மார்போடு அணைத்த பெண்கள் சிரித்தபடி ஏறுகிறார்கள். மானிட்டருக்கு மேலாக எக்கிப் பார்க்கிறாள் பானு. "தூசி விழும்மா" என்று அப்பா கையை நீட்டி ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிறார். சிரிப்பு அறுந்துபோகிறது. மூடிய அறையில் திரை நீலமாய் ஒளிர்கிறது. அம்மா மோதிர விரலால் குங்குமம் தொட்டு, மானிட்டரின் மேல்விளிம்பில் பொட்டு வைத்துக் கும்பிடுகிறாள். பிறகு திரும்பி, விரலில் மிச்சமிருப்பதைப் பானுவின் நெற்றியில் இடுகிறாள்.