டீச்சர் பக்கத்துக் கதிரை

இரண்டாம் வகுப்பில், லீலாதேவி டீச்சரின் மேசைக்குப் பக்கத்தில் தினுஷா உட்காரவென்று தனியாக ஒரு கதிரை. ஜெயராணியின் கண்ணை உறுத்தியது அந்தக் கதிரைதான்.

"முட்டை ஆகாதாம், கச்சான் கடலை ஆகாதாம். இரத்தம் சோதிச்சுப் பாத்தாங்களாம். அதுக்காக டீச்சர் அவள மடியிலயே வச்சுக்கணுமா?" என்று கணவன் அந்தோனியிடம் பொரிந்து தள்ளினாள்.

"சின்னப் பிள்ளைக்கு வருத்தம். அதுல உனக்கென்ன பொறாமை?"

"எனக்கென்ன பொறாமை? நம்ம ரொனி கடைசி வாங்குல கிடக்கிறான். அவன யாராச்சும் திரும்பிப் பாக்கிறாங்களா?"

பொறாமைதான். அந்தப் பேரைச் சொல்ல அவளுக்கு மனமில்லை, அவ்வளவுதான். வகுப்பில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும், கேக்கில் முட்டை இருக்கும் என்று சொல்ல டீச்சர் முதலில் தினுஷாவின் அம்மா சுகிர்தாவுக்குத்தான் போன் எடுப்பார். அதை நினைத்தாலே ஜெயராணிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மறுநாளே ரொனியைக் கடுகண்ணாவையில் பஸ் ஏற்றிக் கண்டிக்குக் கூட்டிப் போனாள். டொக்டர் துண்டு எதுவும் இல்லாமலே ஒரு லேபில் அவன் கையை நீட்ட வைத்தாள். ஊசியைக் கண்டதும் ரொனி வீறிட்டான்.

"பொறுத்துக்க. எல்லாம் உனக்காகத்தான்."

றிப்போர்ட் வந்தது. முட்டைக்கு நேரே 'பொசிட்டிவ்'. ரொனி ஸ்கொலர்ஷிப் பாஸ் பண்ணியிருந்தால்கூட ஜெயராணி அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள். அன்றோடு அவனுடைய முட்டை ரோல்ஸ் நின்றது. சாப்பாட்டுப் பெட்டியில் பிஸ்கட்டும் வாழைப்பழமும் ஏறின.

லீலாதேவி டீச்சர் றிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். "ஓம், கதிரை ஒண்டு போடுறது பெரிய வேலையில்ல. டொக்டர்ட கடிதத்தையும் ஒருக்காக் கொண்டு வாங்கோ."

மறுபடி கண்டி. பிள்ளைகளுக்கான டொக்டர் றிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு ரொனியைப் பார்த்தார்.

"மகன் இதுக்கு முந்தி முட்டை சாப்பிட்டிருக்கிறாரா?"

"ஒவ்வொரு நாளும், டொக்டர்."

"சாப்பிட்டு உடம்பு தடிச்சதா? வாந்தி, மூச்சுத் திணறல்?"

ஜெயராணி யோசித்து யோசித்துப் பார்த்தாள். ஒரு தும்மல்கூட ஞாபகத்துக்கு வரவில்லை.

"இல்ல."

"அப்ப இது அலர்ஜி இல்ல. இரத்தத்துல காட்டுறது மட்டும் போதாது. சாப்பிட்டா என்ன நடக்குதுங்கிறதத்தான் பாக்கணும். இன்னைக்கே முட்டை குடுங்க."

நல்ல செய்திதான். ஆனால் கைக்கு வந்த கதிரையை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி வெளியே வந்தாள் ஜெயராணி.

வெளியே வாங்கில் உட்கார்ந்து சுகிர்தாவும் தினுஷாவும் நம்பருக்குக் காத்திருந்தார்கள். இரத்தம் எடுத்த இடத்தில் தினுஷாவுக்குப் பஞ்சு ஒட்டியிருந்தது.

"ரொனிக்கு என்னக்கா?" என்றாள் சுகிர்தா.

"ஒண்ணுமில்ல. முட்டை சாப்பிடலாமாம்."

"குடுத்து வச்சவங்க அக்கா நீங்க."

குத்திக் காட்டுகிறாளோ என்று ஜெயராணிக்குச் சுருக்கென்றது. அதற்குள் தினுஷா எழுந்து வந்து ரொனியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நாளைக்கு ரோல்ஸ் கொண்டு வருவியா?"

"உனக்குத்தான் ஆகாதே மகள்?" என்றாள் ஜெயராணி.

"நான் சாப்பிட இல்ல ஆன்ட்டி. ரொனி சாப்பிட்டுட்டு, எப்படி இருக்குன்னு எனக்குச் சொல்லுவான். வெளிய மொறுமொறுன்னு இருக்கும், உள்ள முட்டை மெத்துன்னு இருக்கும்னு எல்லாம் சொல்லுவான். பத்து நாளா சொல்லவே இல்ல."

ஜெயராணி மகனைப் பார்த்தாள். அவன் வெட்கப்பட்டு அவள் சேலைக்குப் பின்னால் ஒளிந்தான்.

"ஆன்ட்டி, நீங்க டீச்சர்கிட்ட ஒண்ணு கேப்பீங்களா?" என்றாள் தினுஷா. "எனக்கு அந்தக் கதிரை வேணாம். அங்க இருந்தா, கடைசி வாங்குல இருந்து ரொனி சொல்றது சரியாக் கேக்குதில்ல."