எடுத்து வைக்கும் நேரம்

"ஏங்க, இன்னும் எவ்வளவு நேரம் அந்தக் குதிரைவீரனையே முறைச்சுக்கிட்டு—"

"யோசிக்க விடு தவமணி, நீ பேசிப் பேசியே என் நேரத்தை—"

"நானா தின்னேன்? வீட்டுல ஒரு ஆட்டத்தையாவது முடிச்சிருக்கீங்களா? தோக்கப்போறோம்னு தெரிஞ்சா சோத்தைப் போடுன்னு எழுந்துடுவீங்க. அதுக்குத்தான் போட்டியில பேரைக் கொடுத்தேன்."

கோமதிநாயகம் வாய் திறப்பதற்குள், ஈயச் சிப்பாய்களை வைத்து ஆடும் அந்தப் போர் விளையாட்டு மேஜையின் ஓரத்து இரட்டைக் கடிகாரம் கீச்சிட்டது. அவருடைய ஒரு மணி நேரம் தீர்ந்துவிட்டது. எதிரே ஆடும் அவர் மனைவிக்கு இன்னும் ஒன்பது நிமிடம் மிச்சம். நடுவர் வந்து விதியைச் சொன்னார். ஐயா இனி எதையும் நகர்த்தக் கூடாது, வெட்டுப்பட்ட தன் வீரர்களை எடுத்து வைக்கலாம், அவ்வளவுதான்; அவர் எடுத்த பிறகுதான் அம்மா அடுத்து ஆடலாம். அம்மா தன் நேரம் தீர்வதற்குள் ஐயாவின் கொடியைப் பிடித்தால் வெற்றி, இல்லாவிட்டால் சமன்.

தவமணி பகடையை உருட்டி, கொடியை மறித்து நின்ற ஒருவனை வெட்டினாள். அவர் அந்த ஈயச் சிப்பாயை எடுத்து, வேட்டி நுனியால் அவன் முகத்தைத் துடைத்து, கத்தி வளையாமல் பெட்டிக்குள் படுக்கவைத்தார். அடுத்தவனுக்கும் அப்படியே. அத்தனை நேரமும் அவள் பக்கத்துக் கடிகாரம்தான் ஓடியது.

"சட்டுனு எடுங்களேன்!"

"எடுக்கிறதுக்குக் கெடு எதுவும் இல்லையாமே. கேட்டுக்கிட்டேன்."

"நடுவர் சார், பாத்தீங்களா?"

நடுவர் விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

கொடிக்கு முன்னால் ஒரே ஒருவன்தான் பாக்கி. நேரமும் ஒரு நிமிடம்தான். அவனையும் வெட்டினாள். கோமதிநாயகம் அவனைக் கையில் எடுத்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முதலில் அதைத் துடைக்கத் தொடங்கினார்.

"முப்பத்தெட்டு வருஷத்துல ஒரே ஒரு தடவை, ஒழுங்கா தோத்துட்டுப் போங்களேன்!"