இடப்பக்க வேலி

ஒஸ்லோவில் பனிச்சறுக்குத் தாவல் பழகும் பிள்ளைகளின் உடம்பில் இப்போதெல்லாம் கருவியில் அன்று பதிவான என் முதல் போட்டித் தாவலின் உடல் நினைவைத்தான் ஏற்றுகிறார்கள். என் பத்து வயதுக் கால்களின் நடுக்கம்கூட அவர்களுக்குள் அப்படியே இறங்கிவிடும்.

பயிற்சியாளன் நிரூபன் சலித்துக்கொண்டான்.

"அக்கா, எல்லாப் பிள்ளையளும் நடுவானில இடப்பக்கம் திரும்பிப் பாக்குதுகள். அங்க என்ன கிடக்கு? நாளைக்குப் பதிவில இருந்து அந்தப் பிழையை அழிக்கப்போறம்."

அங்கே வேலியோரம் அப்பா நிற்பார். நான் பறக்கும்போது, அந்தக் குளிரிலும் கம்பளித் தொப்பியைக் கழற்றி ஆட்டுவார். வழுக்கைத் தலையில் பனி கொட்டும். அவர் போய்ச் சேர்ந்து வருடங்களாகிவிட்டன.

"நாளைக்குத்தானே?" என்றேன்.

வேலியோரம் போய் நின்றேன். ஒரு சிறுமி பறந்தாள். தலை திரும்பியது. என் தொப்பியைக் கழற்றி ஆட்டினேன்.

அவள் சிரித்தாள். அப்பா பார்த்த என் சிரிப்பை அன்றுதான் நானும் பார்த்தேன்.